டாப்சிலிப்பில் சிங்கம் இல்லைங்க

கென்யா போய்வந்த மாமன் மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இறக்கிய வீடியோக்களில்தான் வம்பு ஆரம்பித்தது. மசாய் மாராவில் கூடாரத்துக்கு வெளியே வரிக்குதிரை மேய்கிறது. வண்டி டயருக்குப் பக்கத்திலேயே சிங்கக் குடும்பம் படுத்துக் கொட்டாவி விடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சி, "இதுக்குப் போயி அத்தனை தூரம் பறக்கோணுமா? பொள்ளாச்சியத் தாண்டுனா காடுதானே" என்றார். அவ்வளவுதான். ஒரே வாரத்தில் 3 கூடாரங்கள் கூரியரில் வந்து இறங்கின. டெம்போ டிராவலர் பேசியாயிற்று. அத்தை கச்சாயம் சுட்டு டப்பாவில் அடுக்கிவிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து, ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப்புக்கு ஏறும் வழியிலுள்ள சேத்துமடை செக்போஸ்ட் போய்ச் சேர 2 மணி நேரம் போல ஆகும். அந்த 2 மணி நேரத்தில் வண்டிக்குள் புழங்கிய காட்டறிவைத் தொகுத்தால் ஒரு புராணம் தேறும். பாதிக்கு மேல் பொய். சிரித்துவிட்டுப் போகக்கூடிய பொய்கள் சில உண்டு. ஆளைக் கொல்லக்கூடியவையும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு மலையேறக் காத்திருக்கும் குடும்பங்களுக்காக அவற்றை எழுதி வைக்கிறேன்.

"நல்ல இடமாப் பாத்து டெண்ட் அடிச்சுக்கலாம்"

முடியாது. ஆனைமலை 1976இல் சரணாலயம் ஆனது. 2007இலிருந்து புலிகள் காப்பகம். அதற்குள் நம் கூடாரத்தை நம் விருப்பத்துக்கு விரித்துப் படுக்கச் சட்டம் இடம் தராது. இரவு தங்க வேண்டுமானால் வனத்துறை விடுதியில் முன்பதிவு செய்த அறை ஒன்றுதான் வழி. எங்கள் கூடாரப் பைகளைப் பார்த்த வனக்காவலர் ஒன்றும் பேசவில்லை, லேசாகச் சிரித்தார். மச்சான் எதற்கும் இருக்கட்டும் என்று அறை பதிவு செய்து வைத்திருந்ததால் பிழைத்தோம். 3 கூடாரங்களும் டெம்போவின் தலையிலேயே போய்த் தலையிலேயே திரும்பின.

ஆப்பிரிக்காவில் மட்டும் எப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள். அங்கேயும் நினைத்த இடத்தில் அடிக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் பயணிகள் தங்கும் பெரிய முகாம்களைச் சுற்றி வேலி இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் கதவை அடைத்துவிடுவார்கள்; தாமதமாக வந்தால் அபராதம். குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. மாராவிலும் குறித்த முகாம் இடங்கள்தான். காவலுக்கு ஆள் இருக்கும். வீடியோவில் வரிக்குதிரை தெரிந்தது. காவலுக்கு நின்றவர் தெரியவில்லை. குழப்பம் அங்கேதான்.

நம் பக்கத்தில் கட்டுப்பாடு ஏன் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடி அருகே காட்டோரம் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. துணிச் சுவர் யானைக்கு ஒரு தடையே இல்லை.

கூடாரத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. டாப்சிலிப்பைத் தாண்டிப் போனால் கேரளத்தின் பரம்பிக்குளம் புலிகள் காப்பகம். அங்கே ஆனப்பாடியில் கேரள வனத்துறையே கூடாரங்கள் அமைத்து வாடகைக்கு விடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: காடு கேரளத்தினுடையது, ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் சேத்துமடையில் ஏறித் தமிழ்நாட்டு வழியாகத்தான் போயாக வேண்டும். அங்குள்ள பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளை நடத்துவதும் நம் நீர்வளத்துறைக்காரர்கள்தான். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) வாய்க்காலில் வருகிற தண்ணியைத் தென்னைக்குப் பாய்ச்சுகிற பொள்ளாச்சிக்காரர் பலர், அது கிளம்புகிற காட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"டிக்கெட் வாங்குனா புலியக் காட்டோணும்"

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். வனத்துறை வண்டி ஒரு சுற்றுப் போய்த் திரும்பியதும், "ரெண்டு மானும் நாலு குரங்கும் காட்டறதுக்கா இத்தனை காசு?" என்பார்.

மாராவில் சிங்கம் எளிதாகத் தெரிவதற்குக் காரணம் மண்ணும் மழையும். அது பரந்த புல்வெளி. மரம் அங்கொன்று இங்கொன்று. ஜூலை முதல் அக்டோபர் வரை செரங்கெட்டியிலிருந்து காட்டுமான் மந்தைகள் லட்சக்கணக்கில் அங்கே வந்து புல்லை மொட்டையடித்துவிடும். அப்போது சிங்கம் படுத்திருந்தால் தொலைவிலிருந்தே தெரியும். சிங்கம் கூட்டமாக வாழ்கிற பிராணி. பகலெல்லாம் படுத்துத் தூங்கும். வண்டிகளைக் கண்டு பழகிவிட்டது.

ஆனைமலை அப்படியல்ல. மூங்கில், தேக்கு, சோலை, இடையிடையே ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. 10 அடிக்கு அப்பால் ஒரு யானை நின்றாலும் காது அசைந்தால்தான் தெரியும். புலி தனியாள். தன் எல்லைக்குள் சுற்றும், ஓசை எழுப்பாது. 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த புலிகள் மொத்தம் 306. ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு என்று அத்தனை காட்டுக்கும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. ஒரு மணி நேரச் சுற்றில் அதில் ஒன்று நம் முன்னே வந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

இந்தக் காட்டைப் பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும். மறுநாள் காலை விடுதி வாசலில் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பள்ளத்திலிருந்து கடமான் ஒன்று ஊதுகுழல் மாதிரி ஒரே ஒரு தடவை கத்தியது. சற்று நேரம் கழித்து இன்னொரு தடவை. மரத்தில் மந்திகள் தின்பதை நிறுத்தின. கூட இருந்த மலசர் பழங்குடி இளைஞர் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். புலியா சிறுத்தையா என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பத்து வயதுப் பெண் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து நிமிடத்துக்கு எந்த வீடியோவும் ஈடாகாது. தலைக்கு மேலே இருவாச்சி ஒன்று பறந்தபோது இறக்கைச் சத்தம் பழைய நீராவி ரயில் மாதிரி கேட்டது. சித்தப்பாவும் அண்ணாந்து பார்த்தார். காசைப் பற்றிப் பேசவில்லை.

"அதா பாரு, காட்டெருமை!"

இல்லை. இதைச் செய்தித்தாள்களே தப்பாக எழுதுகின்றன என்பதால் எங்கள் வீட்டாரைக் குறை சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி, முதுகில் திமிலோடு, வால்பாறைத் தேயிலைக்குள் அசையாமல் நிற்கிறதே, அது எருமை இனமே இல்லை. நம் காங்கேயம் காளைக்குத்தான் அது சொந்தக்காரன், மாட்டுக் குடும்பம். காட்டுமாடு என்பதே சரி. சங்கப் பாட்டில் வருகிற ஆமா இதுதான் என்பார்கள். நிஜமான காட்டெருமை அசாம், சத்தீஸ்கர் பக்கம் இருக்கிறது. நம் மலையில் இல்லை. ஆப்பிரிக்காவில் சிங்கத்தோடு மல்லுக்கட்டும் எருமை மூன்றாவது வகை.

பெயரில் என்ன என்று கேட்கலாம். எருமை என்றதும் சாது என்று நினைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போகிறார்கள். வளர்ந்த காளை ஒன்று ஒரு டன் எடை வரும்.

அதே மாதிரிதான் சிறுத்தையும். டி.வி.யில் தமிழ்க் குரலில் ஓடும் ஆப்பிரிக்கப் படங்களில் மானைத் துரத்தி ஓடும் சீட்டாவையும் சிறுத்தை என்கிறார்கள். அது சிவிங்கிப்புலி. இந்தியாவில் அது அற்றுப்போனதாக 1952இல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் கூனோவில் விட்டார்கள். நம் தேயிலைத் தோட்டத்தில் பதுங்குவது சிறுத்தை. மரமேறும், இருட்டில் வரும், வீட்டுநாயைத் தூக்கும். கருஞ்சிறுத்தை தனி இனம் என்பதும் பொய். நிறமி கூடிப்போய்க் கறுத்துப் பிறந்த அதே சிறுத்தைதான். வெயில் படும்போது உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் புள்ளி தெரியும்.

"கொம்பில்லீன்னா பொட்டை யானை, பயமில்லை"

இதை எங்கள் வண்டி ஓட்டுநரே சொன்னார். வண்டியிலேயே ஆபத்தான பேச்சு இதுதான்.

ஆப்பிரிக்க யானையில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் வளரும். ஆசிய யானையில் ஆணுக்குத்தான் வெளியே தெரியும்படி தந்தம் உண்டு. ஆனால் ஆண்களிலும் சிலவற்றுக்குத் தந்தமே வளராது. அதுதான் மக்னா. உடம்பில் கொம்பனுக்குக் குறைவில்லை, மதம் பிடிக்கும். தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பெண் யானை என்று நெருங்கினால் அதோகதி. பெண் யானை என்றால் பயமில்லை என்பதும் அபத்தம்தான். குட்டியோடு இருக்கும் தாயைவிட முன்கோபக்காரி காட்டில் இல்லை.

மக்னாவைப் பற்றிக் கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். 2023 பிப்ரவரியில் தர்மபுரிப் பக்கம் பயிரை அழித்த மக்னா ஒன்றைப் பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். சில நாளில் அது மலையிறங்கிப் பொள்ளாச்சி வழியாக நடந்து, குனியமுத்தூர், பேரூர் வரைக்கும் வந்துவிட்டது. மறுபடி மயக்க ஊசி போட்டுப் பிடித்து மலையேற்றினார்கள். அதற்கு 4 ஆண்டுகளுக்கு முன் தடாகம் பள்ளத்தாக்கின் செல்லப்பிள்ளையான சின்னத்தம்பி யானையும் இதையேதான் செய்தான். 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப் பக்கத்து வரகளியாற்றில் விட்டால், உடுமலைப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்கு இறங்கி வந்து நின்றான். பிப்ரவரியில் மீண்டும் பிடித்து முகாமில் சேர்த்தார்கள்.

லாரியில் ஏற்றித் தூரமாக விட்டுவந்தால் தொல்லை தீரும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் கேட்டுக்கொள்ளலாம். யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று தலைப்புப் போடுகிறோம். மருதமலை, தடாகம், மதுக்கரை ஓரமெல்லாம் அவை தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை. குறுக்கே சுவர் வைத்தவர்கள் நாம். 2024 கணக்கின்படி தமிழ்நாட்டில் 3,063 யானைகள். அவற்றைப் பார்க்கக் கோயம்புத்தூர்க்காரன் கென்யா போக வேண்டியதில்லை. சில தெருக்களில் வாசலைத் திறந்தாலே போதும்.

"பள்ளத்துல ஓடுனா யானையால வர முடியாது"

இது ஊர் ஊராகப் புழங்கும் நம்பிக்கை. முன்னங்கால் குட்டையாம், சரிவில் குப்புற விழுந்துவிடுமாம். யானை செங்குத்தான சரிவிலும் பின்னங்காலை மடித்துச் சறுக்கிக்கொண்டே இறங்கும். சமதரையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். செருப்புப் போட்டுக்கொண்டு முள்ளுக்குள் ஓடும் நமக்கு அதில் பாதிகூட வராது. வளைந்து வளைந்து ஓடினால் தப்பலாம் என்பதை நம்பியும் இறங்க வேண்டாம்.

கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி, போயிரு சாமி" என்றால் விலகிவிடும் என்று அத்தை சொன்னார். பக்தியைக் குறை சொல்லவில்லை. கும்பிடுகிறவர் அந்த நேரத்தில் அசையாமல், கத்தாமல், ஹாரன் அடிக்காமல் நிற்கிறார். யானை தன்பாட்டுக்குப் போகிறது. பலன் அந்தச் சும்மா இருத்தலால் வந்தது. தூரத்திலேயே வண்டியை நிறுத்தி, மெல்லப் பின்னால் எடுத்து, அது கடக்கும்வரை காத்திருப்பதுதான் மலைப்பாதை ஓட்டுநர்களின் வழக்கம். 2025 பிப்ரவரியில் வால்பாறை மலைப்பாதையில் யானை நின்றதால் வண்டிகள் நின்றிருந்தன. ஜெர்மனியிலிருந்து வந்த முதியவர் ஒருவர், மற்றவர்கள் எச்சரித்தும் கேட்காமல் மோட்டார் பைக்கில் அதைக் கடக்கப் பார்த்து உயிரை விட்டார்.

டாப்சிலிப் பக்கத்துக் கோழிகமுத்தி முகாமில் இருக்கும் பழக்கிய யானைகளான கும்கிகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே கொள்ளு, ராகிக் களி, வெல்லம் உருட்டிப் பாகன்கள் ஊட்டுவதைப் பார்க்கும்போது வீட்டு மாடு மாதிரித்தான் இருக்கும். கலீம் என்ற கும்கி 99 மீட்பு வேலைகளுக்குப் போய்விட்டு, 2023 மார்ச்சில் 60 வயதில் வனத்துறையின் அணிவகுப்பு மரியாதையோடு ஓய்வு பெற்றது. அப்படிப்பட்ட யானையிடமும் பாகன் சொன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும். பழகிய யானை என்றால் தன் பாகனுக்குப் பழகிய யானை என்று அர்த்தம். வாழைப்பழத்தோடு வரும் நமக்கு அல்ல.

"தீ மூட்டிட்டா ஒண்ணும் கிட்ட வராது"

கேம்ப்ஃபயர் ஆசை கூடாரத்தோடு ஒட்டிப் பிறந்தது. தீப்பந்தத்தையும் வெடியையும் கண்டு பழகிய யானைகளுக்கு நம் சுள்ளி நெருப்பு பொருட்டே இல்லை. காப்புக் காட்டில் தீ மூட்டுவதே குற்றம். மாசி, பங்குனியில் காய்ந்த போதைப்புல்லில் ஒரு பொறி விழுந்தால் மலையே போய்விடும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுக்கள் இரண்டு. ஒன்று சென்னைக் குழு; இன்னொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து நம் பிள்ளைகள். 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

நெருப்பை ஆயுதமாக்கினால் என்ன ஆகும் என்பதை 2021இல் மசினகுடியில் பார்த்தோம். தங்கும் விடுதியொன்றுக்குப் பக்கத்தில் வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காது வெந்து, புண் புரையோடி அது செத்தது. அந்த வீடியோவைப் பார்த்த எவனும் யானையைக் குற்றம் சொல்ல மாட்டான்.

சில்லறைப் பொய்களும் நிறைய உண்டு. கூடாரத்தைச் சுற்றிப் பூண்டு நசுக்கிப் போட்டால் பாம்பு வராதாம். பாம்புக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. செந்நாய் என்பது காட்டுக்கு ஓடிப்போன தெருநாயாம். இல்லை, அது தனிப் பேரினம். சிறுநீரை இரையின் கண்ணில் பீய்ச்சிக் குருடாக்கும் என்ற கதையும் அப்புச்சி காலத்துக் கதைதான். கூட்டமாகத் துரத்திக் களைக்க வைப்பதே அதன் வேட்டை. அட்டை கடித்தால் விஷம் ஏறும் என்று அத்தை அலறினார். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைக் கடிவாயில் விடுகிறது. அதனால் கொஞ்ச நேரம் வழியும், அப்புறம் அரிக்கும், அவ்வளவே. பிய்த்து இழுக்காமல் உப்பு வைத்தால் தானே விழும்.

"இது ஆதிகாலத்துக் காடு"

இந்தப் பொய் எனக்குப் பிடித்தமானது; ஏனென்றால் உண்மை இதைவிட அழகு. டாப்சிலிப் என்ற பெயர் நமக்குக் கால் வழுக்குவதால் வந்ததில்லை. வெள்ளைக்காரர்கள் மலைமேல் தேக்கை வெட்டி, உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்ட இடம் அது. கப்பலுக்கும் ரயில் கட்டைக்கும் வெட்டி வெட்டி மலை மொட்டையானது. அதன்பின் அங்கே வந்த வன அதிகாரி ஹ்யூகோ வுட், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேக்கை மறுபடி வளர்த்தெடுத்தார். சட்டைப்பை நிறைய விதையை வைத்துக்கொண்டு, கைத்தடியால் குழி குத்தி விதைத்தபடியே நடப்பார் என்று கதை உண்டு. கதை எந்த அளவுக்கு உண்மையோ, மரங்கள் உண்மை. 1933இல் இறந்த அவரை அவர் விருப்பப்படி அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைத்தார்கள். என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீனில் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். டாப்சிலிப் போகிறவர்கள் மானைப் படமெடுத்துவிட்டு இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

வுட்டை மட்டும் சொல்லி நிறுத்துவதும் நியாயமில்லை. காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என்று இந்த மலையில் குடியிருக்கும் சனங்கள் அவருக்கும் காப்பகத்துக்கும் முந்தியவர்கள். மனுசவாடையே படாத காடு என்று இதைச் சொல்வது அவர்களை இல்லை என்று சொல்வதற்குச் சமம். இங்குள்ள யானைப் பாகன்களில் பெரும்பாலோர் மலசர்கள்தான்.

இரண்டாம் நாள் கீழிறங்கி ஆழியாறு வழியாக வால்பாறை ஏறினோம். 40 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதில் வரையாடு நின்றது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. அங்கே இரண்டு குடும்பங்கள் அதற்குச் சிப்ஸ் நீட்டிக்கொண்டிருந்தன. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்கும் இதே உபசாரம் நடக்கிறது. வாயில்லா ஜீவனுக்குச் சோறு போட்டால் புண்ணியம் என்கிறார்கள். சாலைக்கு இறங்கப் பழகிய குரங்கு அதே சாலையில் வண்டியில் அடிபட்டுச் சாகிறது. அவை தரைக்கு வராமல் சாலையைக் கடக்கட்டும் என்று மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாய்த் துணியில் பாலம் கட்டியிருக்கிறார்கள். நாம் கீழே நின்று வாழைப்பழம் காட்டிக் கூப்பிடுகிறோம்.

அன்று சாயங்காலம் ஒரு ஜீப்காரர் வந்து, "நைட் சஃபாரி போலாமுங்களா? சிறுத்தை கேரண்டி" என்றார். புலிகள் காப்பகத்தில் அப்படி ஒரு சஃபாரிக்கு அனுமதியே கிடையாது. முதுமலை–பந்திப்பூர்ச் சாலையை ராத்திரி 9 முதல் காலை 6 வரை மூடி வைப்பதும், பண்ணாரி–காரப்பள்ளம் பாதையில் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு வந்ததும் அந்த நேரமாவது விலங்குக்கு மிஞ்சட்டும் என்பதற்காகத்தான். மச்சானுக்குச் சபலம் இருந்தது. அப்புச்சிதான், "ராத்திரி அதுக ஊடு. நாம போயி வெளிச்சம் அடிக்கறதாக்கும்?" என்று அவரை அனுப்பி வைத்தார். இந்தப் பயணத்திலேயே அப்புச்சி சொன்ன முழு உண்மை இதுதான்.

வால்பாறையில் யானை தாக்கிச் செத்தவர்களில் பெரும்பாலோர் யானை பக்கத்தில் இருப்பதே தெரியாமல் எதிரே போனவர்கள். அதைக் கண்டுகொண்ட ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவர் சார்ந்த இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும், யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்பதை உள்ளூர் கேபிள் டி.வி.யிலும், 2011 முதல் செல்போன் குறுஞ்செய்தியிலும் சொல்ல ஆரம்பித்தார்கள். தோட்டங்களுக்கு நடுவே கம்பங்களில் சிவப்பு விளக்குகள் வைத்தார்கள். யானை அருகில் இருந்தால் விளக்கு மினுக்கும். பார்த்தவர் வேறு வழியில் போவார். இந்த வேலைக்காக அவருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. சுற்றுலா வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த விளக்கை ஏதோ செல்போன் டவர் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். வால்பாறையில் இருட்டிய பிறகு சிவப்பு விளக்கு மினுக்குவதைப் பார்த்தால் தயவுசெய்து வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.